‘நீ இன்னும் வெளியவே வரல’: ஐரோப்பிய தத்துவவாதிங்க ஒருத்தர ஒருத்தர் எப்படி வாசிக்கிறாங்க?

பிரெஞ்சுத் தத்துவவாதி டெலூஸ் யாருன்னு தெரிஞ்சுக்க ஆசப்பட்டு தேடுறவங்க கையில சீக்கிரமே மாட்டுற புத்தகங்கள்ல ஒண்ணு, இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதி அலென் பதியூ 1997ல எழுதினது. அட்டையில டெலூஸ் பேரு, நூத்திச் சொச்சம் பக்கம், சரி இதுல ஆரம்பிச்சா ஈஸியா இருக்கும்னு நெனச்சு வாசிச்சு முடிச்சுட்டு, ‘ஓ, எல்லாமே ஒண்ணுதான்னு சொன்ன ஆளு போல’ன்னு ஒரு முடிவோட எழுந்திருப்பாங்க. அத அப்படியே ஒரு தீவிர டெலூஸ் வாசகர்கிட்ட போய் சொல்லிப் பாருங்க, அன்னிக்குப் பொழுது அதுலயே போயிடும். ஏன்னா அது அறிமுகம் மாதிரி வேஷம் கட்டின ஒரு தாக்குதல். ரொம்ப மரியாதையா, ரொம்ப கூர்மையா செஞ்சது, ஆனாலும் தாக்குதல்.

புதுசா வர்றவங்களுக்கு மொத குழப்பமே இங்கதான். தமிழ்ல இந்தப் பேரெல்லாம் எண்பது தொண்ணூறுகள்ல சிறுபத்திரிகைங்க வழியா ஒரு கட்டா வந்து எறங்குச்சு. ஃபூக்கோ, தெரிதா, லக்கான், டெலூஸ்னு ஒரே மூச்சுல சொல்லி மேல பின்நவீனத்துவம்னு ஒரு லேபிளும் ஒட்டியாச்சு, அதனால இவங்கல்லாம் ஒரே கட்சிக்காரங்கன்னு ஒரு நெனப்பு தங்கிப்போச்சு. உள்ள போய்ப் பாத்தா ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தையே இல்லாம பத்து வருஷம் இருந்த கதையெல்லாம் இருக்கு.

கான்டினென்டல் பிலாசபின்னு பொதுவா சொல்றது ஹெகல், நீட்சே, ஹுஸ்ஸர்ல், ஹைடெக்கர் இவங்க வழியில பெரும்பாலும் ஜெர்மனியிலயும் பிரான்ஸ்லயும் வளந்த தத்துவம். அந்தப் பேர வச்சதே பெரும்பாலும் இங்கிலீஷ் பேசுற பக்கத்து ஆளுங்கதான், அது ஒரு தனிக் கத. இங்க நமக்கு வேண்டியது ஒரே விஷயம்: இந்த மரபுல விமர்சனம்ங்கிறது வாசிப்பு வழியாத்தான் நடக்கும். ‘உன் கருத்து எண் மூணு தப்பு, இந்தா எதிர் உதாரணம்’னு யாரும் பெரும்பாலும் வர மாட்டாங்க. உன் புத்தகத்த எடுத்து வச்சு, நீயே கவனிக்காம விட்ட ஒரு வரிய புடிச்சு, நீ சொன்னதா நெனச்சது ஒண்ணு, உன் எழுத்து செஞ்சு வச்சிருக்கிறது வேற ஒண்ணுன்னு காட்டுவாங்க.

அதுலயும் கொஞ்ச நாள் தொடர்ந்து வாசிச்சா ஒரே ஒரு குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப வர்றத பாக்கலாம். ‘எதை விட்டு வெளிய வந்துட்டேன்னு நீ சொல்றியோ, அதுக்குள்ளயேதான் இன்னும் ஒக்காந்திருக்க.’ ஹைடெக்கர் 1936ல இருந்து நீட்சே பத்தி வரிசையா வகுப்பு எடுத்தாரு, அதெல்லாம் 1961ல ரெண்டு தடி வால்யூமா வந்துச்சு, அதோட சாரம் என்னன்னா மெட்டாஃபிசிக்ஸ, அதாவது இருக்குற எல்லாத்துக்கும் அடிப்படை என்னன்னு தேடுற பழைய தத்துவத்த, கவுத்துட்டேன்னு சொன்ன நீட்சேதான் கடைசி மெட்டாஃபிசிக்ஸ் ஆளு. அப்புறம் தெரிதா வந்து அதே ஹைடெக்கர்கிட்ட, நீங்களும் இன்னும் அங்கதான் சார் இருக்கீங்கன்னு சொல்லுவாரு. லெவினாஸ்ங்கிற இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதி கிரேக்க சிந்தனையோட பிடியில இருந்து வெளிய வந்து ‘மற்றவர்’ பத்தி பேசணும்னு எழுதினா, 1964ல தெரிதா ஒரு நீளமான கட்டுரையில, அத பேச நீங்க பயன்படுத்துற மொழியே கிரேக்கத் தத்துவ மொழிதானேன்னு கேட்டாரு. லெவினாஸ் அத சும்மா விட்டுடல, அவரோட அடுத்த பெரிய புத்தகம் 1974ல வந்தப்போ மொழியே ரொம்ப மாறியிருந்துச்சு, அந்த மாற்றத்துல இந்தக் கேள்விக்குப் பங்கு இருக்குன்னு வாசகர்கள் பலர் சொல்லுவாங்க.

இது வெறும் வம்பு இல்லைங்கிறதுக்கு நல்ல உதாரணம் ஃபூக்கோ–தெரிதா சண்டை. இத மட்டும் கொஞ்சம் நிதானமா பாத்துடலாம், ஏன்னா இது ஒண்ணு புரிஞ்சா மத்தது பாதி புரிஞ்ச மாதிரி.

ஃபூக்கோ 1961ல பைத்தியத்தோட வரலாறு பத்தி அறுநூறு பக்கத்துக்கு மேல ஒரு புத்தகம் போட்டாரு. பகுத்தறிவுங்கிறது எப்படி பைத்தியத்த வெளிய தள்ளி, அடைச்சு வச்சு, வாயக் கட்டி, அப்புறம் அத பத்தி தானே பேச ஆரம்பிச்சதுங்கிறதுதான் கத. 1656ல பாரிஸ்ல பொது மருத்துவமனைன்னு ஒண்ண அரசாணை போட்டு ஆரம்பிச்சாங்க, பேருதான் மருத்துவமனை, உள்ள போட்டது ஏழைங்க, வேலையில்லாதவங்க, பைத்தியம்னு சொல்லப்பட்டவங்க எல்லாரையும். இந்த அடைப்ப பத்தின அத்தியாயத்தோட தொடக்கத்துல ஃபூக்கோ, பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவவாதி தெகார்த்த இழுக்குறாரு. சுமார் மூணு பக்கம்தான். தெகார்த் 1641ல எழுதின தியானங்கள்ல மொத தியானத்துல எல்லாத்தையும் சந்தேகப்பட்டுக்கிட்டே வர்றாரு: புலன் ஏமாத்தும், சரி, ஆனா நான் இங்க நெருப்புப் பக்கத்துல கையில காகிதத்தோட ஒக்காந்திருக்கேன், இந்தக் கையும் ஒடம்பும் என்னோடது, இத எப்படி சந்தேகப்படுறது? அப்படி சந்தேகப்பட்டா தன்ன ராஜான்னும் தன் ஒடம்பு கண்ணாடின்னும் நெனச்சுக்கிற பைத்தியக்காரங்க மாதிரி ஆயிடுவேனே, அவங்க பைத்தியம், அவங்கள உதாரணமா எடுத்தா நானும் பைத்தியமாயிடுவேன்னு சொல்லிட்டு, கனவு பத்தி பேசப் போயிடுறாரு. ஃபூக்கோ இங்க நிறுத்துறாரு. கனவுக்கு எடம் குடுத்த தெகார்த், பைத்தியத்துக்கு எடமே குடுக்காம ஒரே வரியில கதவ சாத்திட்டாரு, சமூகத்துல நடந்த அடைப்பும் தத்துவத்துல நடந்த இந்த அடைப்பும் ஒரே காலத்து வேலைன்னு சொல்றாரு.

1963 மார்ச்ல பாரிஸ்ல தெரிதா இதப் பத்தி ஒரு உரை குடுத்தாரு. அப்போ அவருக்கு முப்பத்திரெண்டு வயசு, ஃபூக்கோகிட்ட ஐம்பதுகளோட ஆரம்பத்துல பாடம் கேட்டவரு, ஃபூக்கோ அன்னிக்கு கூட்டத்துல ஒக்காந்திருக்காரு. ஆரம்பத்துலயே, குருவோட மனசுக்குள்ள பேசிக்கிட்டே இருக்கிற சீடனோட சங்கடம் பத்தி கொஞ்சம் பேசிட்டு, அப்புறம் அறுநூறு பக்கத்த விட்டுட்டு அந்த மூணு பக்கத்த மட்டும் எடுத்துக்கிட்டாரு. தெரிதா சொன்னது சுருக்கமா இதுதான். பைத்தியம் பத்தின அந்த வரி தெகார்த்தோட முடிவு இல்ல, கேட்டுட்டு இருக்கிற ஒரு சாதாரண ஆளு ‘என்ன சார், பைத்தியமா உங்களுக்கு’ன்னு கேக்குற மாதிரியான எதிர்ப்புக் குரல் அது. அதுக்குப் பதிலாத்தான் கனவு வருது, கனவுங்கிறது பைத்தியத்த விட பெரிய சந்தேகம், ஏன்னா பைத்தியக்காரன் சில விஷயத்துலதான் தப்பு பண்ணுவான், கனவுல எல்லாமே பொய். அதுக்கும் மேல, ஒரு கெட்ட சக்தி என்னை முழுசா ஏமாத்துதுன்னு தெகார்த் அப்புறம் கற்பனை பண்றாரே, அது முழுப் பைத்தியத்துக்கே எடம் குடுக்குற வேலை. நான் பைத்தியமா இருந்தாலும் ‘நான் யோசிக்கிறேன், இருக்கேன்’ங்கிறது நிக்கும்னா, பைத்தியத்த எங்க வெளிய தள்ளினாரு?

இதோட விட்டிருந்தா பரவால்ல. இன்னொரு குத்து இருந்துச்சு, அதுதான் ஆழமா எறங்கினது. ஃபூக்கோ தன் முன்னுரையில, பைத்தியத்த பத்தி மனநல மருத்துவம் பேசுற மொழியோட வரலாற நான் எழுதல, அந்த மௌனத்தோட தொல்லியல எழுதுறேன்னு சொல்லியிருந்தாரு. தெரிதா கேட்டாரு: மௌனத்தோட வரலாற எந்த மொழியில எழுதுவீங்க? வரலாறு, ஆதாரம், வரிசை, வாதம், இதெல்லாம் பகுத்தறிவோட சாமான்தானே? பகுத்தறிவுக்கு எதிரா வழக்குப் போட பகுத்தறிவோட கோர்ட்டுக்கேதானே போகணும்? அதாவது நம்ம பழைய பாட்டுதான், நீங்க இன்னும் வெளிய வரல.

ஃபூக்கோ அப்போதைக்கு ஒண்ணும் சொல்லல. இந்த உரை 1967ல தெரிதாவோட கட்டுரைத் தொகுப்புல அச்சாச்சு. 1972ல ஃபூக்கோ தன் புத்தகத்தோட புதுப் பதிப்புக்குப் பின்னிணைப்பா ஒரு பதில் போட்டாரு பாருங்க, அப்படி ஒரு கோவம். நீ வரிக்கு வரி வாசிக்கிறவன்னு பேரு, லத்தீன் மூலத்த சரியா பாத்தியான்னு ஆரம்பிக்கிறாரு. தெகார்த் மொதல்ல பைத்தியத்துக்குப் போடுற வார்த்தைங்க நோயாளின்னு அடையாளம் காட்டுறது, அடுத்து ‘நானும் அப்படி ஆயிடுவேன்’னு வர்ற எடத்துல போடுறது சட்ட வார்த்தை, கையெழுத்துப் போடத் தகுதியில்லாதவன், கோர்ட்டுல செல்லாதவன்னு அர்த்தம் வர்றது. அப்போ அங்க நடக்குறது வெறும் உதாரணம் இல்ல, தகுதிநீக்கம். தியானம் பண்ற ஆளு தகுதியோட தொடர்ந்து தியானம் பண்ணணும்னா பைத்தியமா இருக்க முடியாது, கனவு கண்டவனா இருக்கலாம். அந்த எதிர்ப்புக் குரல் கதையெல்லாம் தெரிதாவே சேத்துக்கிட்டதுன்னும் சொல்லி, கடைசியில, இது வரலாற்றுல நல்லா வேரூன்றின ஒரு சின்ன வாத்தியார்த்தனம், எழுத்துக்கு வெளிய ஒண்ணுமே இல்லன்னு மாணவனுக்கு சொல்லிக்குடுத்து வாத்தியாருக்கு எல்லையில்லாத அதிகாரத்த குடுக்குற வேலைன்னு முடிச்சாரு. திருப்பி அடிச்சதும் அதே அடிதான் பாருங்க: மரபுத் தத்துவத்த உடைக்கிறேன்னு சொல்ற நீதான் அந்த மரபோட கடைசி வாத்தியாரு.

யாரு ஜெயிச்சாங்க? என்னைக் கேட்டா அந்த லத்தீன் விஷயத்துல ஃபூக்கோ பக்கம்தான் சாய்வேன், தெரிதா அந்த எடத்துல வேகமா போயிட்டாரு. ஆனா ஒரு சின்ன விஷயம் இருக்கு. அவ்ளோ கோவமா பதில் எழுதின அதே 1972 பதிப்புல, 1961 முன்னுரைய ஃபூக்கோ எடுத்துட்டாரு, எடத்துல புதுசா சின்னதா ஒண்ணு போட்டாரு. மௌனத்தோட தொல்லியல்ங்கிற அந்தப் பேச்சு போயிடுச்சு. எடுத்ததுக்கு அவருக்குப் பல காரணம் இருந்திருக்கலாம், ஆனா தெரிதா குத்தின எடம் அதுதாங்கிறத கவனிக்காம இருக்க முடியல. வாய் ஒத்துக்காத ஒண்ண அச்சுக்கோர்ப்பு ஒத்துக்கிட்ட மாதிரி எனக்குப் படுது.

அதுக்கப்புறம் கிட்டத்தட்ட பத்து வருஷம் ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. 1981 டிசம்பர் கடைசியில தெரிதா ரகசிய வகுப்பு எடுக்க பிராக் போனப்போ செக் போலீஸ் அவரு பெட்டியில போதைப்பொருள வச்சு கைது பண்ணாங்க, பிரெஞ்சு அரசு தலையிட்டு புது வருஷத்துல விடுவிச்சாங்க, அப்போ அவருக்காக ஆதரவு குடுத்து ரேடியோவுல பேசினவங்கள்ல ஃபூக்கோவும் ஒருத்தர். 1984ல ஃபூக்கோ செத்துட்டாரு. 1991ல அந்தப் பைத்தியப் புத்தகத்தோட முப்பதாவது வருஷக் கூட்டத்துல தெரிதா பேசினாரு, தெகார்த் சண்டைய திரும்பக் கிளறாம ஃபூக்கோ ஃப்ராய்ட எங்க வைக்கிறாருன்னு தெரியாம தவிக்கிறத பத்தி பேசினாரு. செத்தவர்கிட்ட சண்டை போட விரும்பல, ஆனா வாசிக்கிறத விடவும் விரும்பல.

இங்கிலீஷ்ல மட்டும் வாசிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1965ல இங்கிலீஷ்ல வந்தது சுருக்கின பதிப்பு, அதுல அந்த தெகார்த் பகுதியே கெடையாது. முழுசா வந்தது 2006ல. அதாவது நாப்பது வருஷமா நெறைய பேரு சண்டைய மட்டும் வாசிச்சாங்க, சண்டைக்குக் காரணமான பக்கத்த வாசிக்கல.

இப்போ டெலூஸ் பக்கம் வருவோம். டெலூஸோட ஸ்டைலே வேற, விவாதம்னாலே அவருக்கு ஆகாது. ஒரு தத்துவவாதிய பின்னாடி இருந்து போய் புடிச்சு அவருக்கு ஒரு புள்ளய குடுக்கணும், அது அவரு புள்ளயாவும் இருக்கணும், பாக்க பயங்கரமாவும் இருக்கணும்னு 1973ல ஒரு கடிதத்துல எழுதினாரு. அசிங்கமான ஜோக்தான், ஆனா அவரு ஹ்யூம், பெர்க்சன், ஸ்பினோசா பத்தி எழுதின புத்தகங்கள வாசிச்சா அது எவ்ளோ கரெக்டுன்னு தெரியும். எல்லா வரியும் மூலத்துல இருக்கும், மொத்தத்துல வர்ற ஆளு இதுவரைக்கும் யாரும் பாக்காத ஆளா இருப்பாரு.

பதியூ அதே வைத்தியத்த டெலூஸுக்கே பண்ணாரு. எழுபதுகள்ல ரெண்டு பேரும் வான்சென் யுனிவர்சிட்டியில ஒண்ணா வேலை பாத்தவங்க, பதியூ தீவிர மாவோயிஸ்ட், டெலூஸ் வகுப்புக்குள்ள ஆள் கூட்டிட்டுப் போய் கலாட்டா பண்ண காலம் அது. டெலூஸையும், அவரோட சேந்து புத்தகம் எழுதின குவாத்தாரியையும் தாக்கி புனைபேர்ல ஒரு கட்டுரை வேற. டெலூஸும் குவாத்தாரியும் 1991ல எழுதின கடைசி கூட்டுப் புத்தகத்துல பதியூவோட கணக் கோட்பாட்டுத் தத்துவத்துக்கு (கணிதத்துல செட் தியரின்னு சொல்றாங்களே, அத அடிப்படையா வச்சது) ஒரு சின்ன விமர்சனம் வச்சாங்க. 1992ல இருந்து 1994 வரைக்கும் கடிதம் வழியா டெலூஸும் பதியூவும் நெறைய வாதிட்டாங்க, ஆனா அத அச்சுல போட டெலூஸ் ஒத்துக்கலன்னு பதியூவே சொல்றாரு. 1995 நவம்பர்ல டெலூஸ் போயிட்டாரு, ரெண்டு வருஷத்துல பதியூ புத்தகம் வந்துச்சு.

வாதம் என்ன? டெலூஸ்னாலே பன்மை, ஓட்டம், ஆசை, கிளை கிளையா பரவுறது, எல்லாரும் கொண்டாடுறது அதத்தான். பதியூ சொல்றாரு, இதெல்லாம் மேலாக்கு, அடியில அவரு தேடினது ஒண்ணே ஒண்ணு, இருக்குற எல்லாத்துக்கும் ஒரே குரல், ஒரே ‘இருத்தல்’. டெலூஸோட 1968 புத்தகத்துல கடைசிப் பக்கத்துல வர்ற ஒரு சொற்றொடர புடிச்சு அத தன் புத்தகத்துக்குத் துணைத் தலைப்பாவே வச்சுட்டாரு. மறுபடியும் அதே அடி: பன்மைக்குப் போயிட்டேன்னு சொன்ன ஆளு ஒருமைக்குள்ளயே இருக்காரு. இத வாசிக்கும்போது நல்லாத்தான் இருக்கு, ஆனா குவாத்தாரியோட சேந்து எழுதின 1972, 1980 புத்தகங்கள பதியூ கிட்டத்தட்ட தொடவே இல்ல. ஜனங்க எத வாசிச்சு டெலூஸ் ரசிகரானாங்களோ அத ஓரமா வச்சுட்டு ‘உண்மையான டெலூஸ் இவருதான்’னு சொன்னா எப்படி? பன்மைங்கிறது கணிதத்தால மட்டும்தான் சொல்ல முடியும்ங்கிறது பதியூவோட சொந்தக் கட்சி, அந்தக் கட்சிக்கு டெலூஸ் ஒருமைக்காரரா இருந்தாத்தான் வசதி. ஜான் ராஃப் 2012ல இதுக்குன்னே ஒரு முழுப் புத்தகம் எழுதி, பதியூ எங்கெங்க வளைச்சிருக்காருன்னு நிதானமா காட்டியிருக்காரு. அதனால அந்தப் புத்தகத்த வாசிக்காதீங்கன்னு சொல்லல, பதியூ யாருன்னு தெரிஞ்சுக்க அத விட நல்ல புத்தகம் கெடைக்கிறது கஷ்டம்.

எல்லாரும் இவ்ளோ சீரியஸா இருக்கிறதும் இல்ல. இத்தாலியத் தத்துவவாதி அகம்பென் 1995ல ஃபூக்கோவோட உயிர் அரசியல் கருத்த (அதிகாரம் மக்களோட ஒடம்பையும் உயிரையுமே நிர்வகிக்குதுங்கிறது) ‘திருத்தணும், இல்ல நிறைவு செய்யணும்’னு சொல்லி ஒரு பெரிய திட்டத்த ஆரம்பிச்சாரு. தெரிதா தன் கடைசிக் கால வகுப்புல, 2002ல, அகம்பென் புத்தகத்துல ‘இத மொதல்ல சொன்னவரு இவரு, அத மொதல்ல பாத்தவரு அவரு’ன்னு எத்தனை தடவை வருதுன்னு எடுத்துக்காட்டி, மொதல்ல யாருன்னு முடிவு பண்ற அந்த அதிகாரத்தையே கிண்டல் பண்ணாரு. வாசிச்சா சிரிப்பு வரும், ஆனா கிண்டலுக்குள்ள கருத்து இருக்கு, இறையாண்மை பத்தி விமர்சனம் எழுதுற ஆளு தானே ராஜா மாதிரி பட்டம் குடுக்குறாருன்னு. பழைய பாட்டேதான்.

வாசிக்காம விமர்சனம் பண்ணா என்ன ஆகும்ங்கிறதுக்கும் கேஸ் இருக்கு. ஜெர்மன் தத்துவவாதி ஹேபர்மாஸ் 1985ல நவீனம் பத்தின புத்தகத்துல தெரிதாவ கடுமையா விமர்சிச்சாரு, தத்துவத்தையும் இலக்கியத்தையும் ஒண்ணாக் கொழப்புறாருன்னு. ஆனா ஒரு அத்தியாயத்துல, தெரிதா வாதம் பண்ண விரும்புற ரகம் இல்ல, அதனால அவரு சீடர்கள பாக்குறதுதான் வசதின்னு சொல்லிட்டு தெரிதா பத்தி ஜொனாதன் கல்லர் எழுதின விளக்கப் புத்தகத்த வச்சே ஓட்டிட்டாரு. தெரிதாவுக்கு ஆத்திரம் வந்ததுல என்ன ஆச்சரியம்? கலந்துரையாடல்ல நேர்மை வேணும்னு புத்தகம் புத்தகமா எழுதினவரு என் புத்தகத்துல இருந்து ஒரு மேற்கோள் கூட காட்டலன்னு எழுதினாரு. அப்புறம் காலம் மாறுச்சு, இராக் போர் சமயத்துல 2003 மே 31ல ஐரோப்பாவோட பொது வெளியுறவுக் கொள்கை பத்தி ஹேபர்மாஸ் எழுதின கட்டுரையில தெரிதாவும் சேந்து கையெழுத்துப் போட்டாரு.

சமீபத்து ஆளுங்க கிட்ட வந்தா இந்தப் பழக்கம் இன்னும் ஒரு படி மேல போச்சு. குவென்டின் மேயாசு 2006ல ஒரு சின்னப் புத்தகம் எழுதினாரு, பதியூதான் முன்னுரை. காண்ட்டுக்கு அப்புறம் வந்த கிட்டத்தட்ட எல்லாரையும் ஒரே அடியில நிக்க வச்சாரு: உலகத்த பத்தி பேசுறேன்னு சொல்றீங்க, ஆனா ‘நமக்குத் தெரியிற உலகம்’ங்கிறத தாண்டி ஒருத்தரும் போகல, சிந்தனைக்கும் இருப்புக்கும் உள்ள தொடர்புக்குள்ளயே அடைஞ்சு கெடக்கீங்க. பூமி உருவாகி சுமார் 450 கோடி வருஷம் ஆச்சுன்னு விஞ்ஞானம் சொல்லுது, அப்போ பாக்க ஆளே இல்ல, அந்த வாக்கியத்துக்கு உங்க கணக்குல என்ன அர்த்தம்? நல்ல கேள்வி, எனக்கு இன்னும் அது உறுத்துது. ஆனா ஹுஸ்ஸர்லையும் விட்கென்ஸ்டைனையும் ஒரே மூட்டையில கட்டினா அது வாசிப்பு இல்லங்கிற பொலம்பலும் நியாயம்தான், தெரிதா மூணு பக்கத்துக்கு ஒரு உரை முழுசா செலவு பண்ணாரு, இவரு ரெண்டு நூற்றாண்டுக்கு ‘தொடர்புவாதம்’னு ஒரே வார்த்தை. அந்தப் புத்தகத்த இங்கிலீஷ்ல மொழிபெயர்த்த ரே ப்ராசியே தன்னோட 2007 புத்தகத்துல மேயாசுவுக்கே அதே அடிய திருப்பிக் குடுத்தாரு: சிந்தனை நேரடியா இருப்ப தொட்டுடும்னு நீங்க சொல்ற எடத்துல அந்தத் தொடர்பு பின்வாசல் வழியா திரும்ப வந்துடுது.

இப்ப ஆரம்பிக்கிறவங்களுக்கு என்ன பண்றதுன்னா, ஒருத்தர் இன்னொருத்தர பத்தி எழுதினத வாசிக்கும்போது பக்கத்துலயே ரெண்டு கேள்விய வச்சுக்கோங்க. எந்தப் பக்கத்த எடுத்தாரு, எந்தப் புத்தகத்த எடுக்கவே இல்ல? எதிராளி இப்படி இருந்தா எழுதுறவருக்கு என்ன லாபம்? ‘தப்பு’ன்னு காட்டுறாரா, ‘இன்னும் உள்ளயே இருக்க’ன்னு காட்டுறாராங்கிறதையும் பாருங்க, ரெண்டாவதுதான்னா வெளியன்னு அவரு எத சொல்றாருன்னு தேடுங்க, பல சமயம் அதுக்கு விலாசமே குடுத்திருக்க மாட்டாரு. ஆரம்பிக்க எடம் வேணும்னா பெரிய புத்தகம் எதுவும் வேண்டாம். தெகார்த்தோட மொத தியானம் சில பக்கம்தான், அத மொதல்ல நீங்களே வாசிச்சு பைத்தியம் வர்ற அந்த வரியில நின்னு அது யாரு குரல்னு ஒரு முடிவு எடுங்க. அதுக்கப்புறம் ஃபூக்கோவோட மூணு பக்கம், தெரிதாவோட உரை, 1972 பதில், இந்த வரிசையில. வரிசைய மட்டும் மாத்திடாதீங்க, தெரிதாவ மொதல்ல வாசிச்சிட்டா அப்புறம் தெகார்த்த வெறுங்கண்ணால பாக்குறது ரொம்ப கஷ்டம்.